பத்தாவது பாயிண்ட்

நீலகிரியில் சுற்றுலா ஜீப் ஓட்டிக்கொண்டே பொய் சொல்லாமல் வாழ்ந்துவிடலாம் என்று நம்பிய ஒரே மனிதரை எனக்குத் தெரியும். நன்றாகவே தெரியும். குன்னூரில் ஜீப் ஸ்டாண்டுக்கு நேர் எதிரே என் ஜெராக்ஸ் கடை இருக்கிறது. காலையில் ஷட்டரைத் தூக்கினால் சாமி படத்துக்கு முன்னால் அவர் முகம்தான் தெரியும்.

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருந்தது. அவருடைய ரேஷன் கார்டை பத்துத் தடவையாவது ஜெராக்ஸ் எடுத்திருக்கிறேன், இருந்தும் எனக்கு அது நினைவில் இல்லை. ஊருக்கு அவர் 'பாலம்'. வயதில் சின்னவர்களுக்குப் பாலத்தண்ணன். "பாலத்துக்கு நேத்துல இருந்து காய்ச்சலுங்க. ஊசி போட்டும் நிக்கலை" என்று ஸ்டாண்டில் இரண்டு பேர் பேசிக்கொண்டதைக் கேட்டு, திருச்சியிலிருந்து வந்த ஒரு பெரியவர் சந்தேகமாகத் தன் பெட்டியை எடுத்துக்கொண்டு வேறு ஸ்டாண்டுக்குப் போய்விட்டார்.

சமவெளி வாசகர்களுக்கு எங்கள் ஊர் வழக்கம் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். எங்கள் மலையில் எது வேண்டுமானாலும் பாயிண்ட் ஆகலாம். கீழே பள்ளத்தாக்கு தெரிந்தால் வியூ பாயிண்ட். பனி மூடி ஒன்றும் தெரியாவிட்டால் மிஸ்ட் பாயிண்ட். நான்கு பைன் மரங்கள் வரிசையாக நின்றால் ஷூட்டிங் பாயிண்ட். ரேடியேட்டர் கொதித்து வண்டி நின்றுபோன இடத்தை 'சைலன்ட் பாயிண்ட்' என்று காட்டிய ஒருவர் எங்கள் ஸ்டாண்டிலேயே இருக்கிறார். வந்தவர்கள் இறங்கி இருபது நிமிடம் வாயைத் திறக்காமல் நின்று, செல்ஃபி எடுத்துக்கொண்டு, நெகிழ்ந்துபோய்த் திரும்பினார்கள்.

இப்படி ஒன்பது பாயிண்ட். ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை. அதை ஒரு அட்டையில் அடித்து, லேமினேஷன் போட்டு, ஒவ்வொரு ஜீப்பிலும் தொங்கவிட்டிருப்பார்கள். அடிப்பது நான். லேமினேஷன் போடுவதும் நான். இந்த மலையின் பாதிப் பொய்களுக்கு எழுத்துப்பிழை திருத்திக் கொடுத்த புண்ணியவதி நான்தான் என்பதை இப்போதே ஒப்புக்கொள்கிறேன்.

அட்டையில் இல்லாத ஒரு இடத்துக்குத்தான் பாலத்தண்ணன் ஆட்களைக் கூட்டிப்போவார். மார்க்கெட்டுக்கும் பஸ் ஸ்டாண்டுக்கும் இடையில், ஊரின் நட்டநடுவில், இரண்டு வளைவு வைத்த ஒரு கல்பாலம். வெள்ளைக்காரன் காலத்தது. கீழே ஓடுவதை அரசாங்க வரைபடம் ஆறு என்கிறது. ஊர்க்காரர்கள் பள்ளம் என்கிறோம். மூக்குள்ளவர்கள் வேறு பெயர் சொல்வார்கள். பாலத்தின் மேல் ஒரு ஓரத்தில் கேரட் விற்கும், மறு ஓரத்தில் ஸ்வெட்டர் விற்கும், நடுவில் எவனாவது ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு வர்க்கி பிஸ்கட் வாங்கப் போயிருப்பான். நாங்கள் எல்லோரும் தினமும் நான்கு தடவை அதைக் கடப்போம். யாரும் பார்த்ததில்லை.

ஜனங்கள் இ-பாஸ் எடுத்து, செக்போஸ்ட்டில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலைப் பறிகொடுத்து, கொண்டை ஊசி வளைவுகளில் வாந்தியெடுத்து, ஒருவழியாக மலையேறி வந்து அவர் ஜீப்பில் உட்காருவார்கள். இரண்டே நிமிடத்தில் வண்டி நிற்கும்.

சென்னையிலிருந்து வந்த ஒரு குடும்பத்தலைவர் ஒருநாள் என் கண் முன்னாலேயே மாட்டிக்கொண்டார். நான் கேரட் வாங்கிக்கொண்டிருந்தேன்.

"டிரைவர், நாங்க டால்பின் நோஸ் போகணும்னு சொன்னோமே?"

"போலாமுங்க. மொதல்ல இதை எறங்கிப் பாத்துருங்க."

"என்ன இது?"

"பாலமுங்க."

"பாலம்னு தெரியுதுய்யா. இதுல என்ன விசேஷம்?"

"இன்னும் விழுகலீங்க."

அவர் தன் மனைவியைப் பார்த்தார். மனைவி மலையைப் பார்த்தார்.

"எங்க ஊர்ல இல்லாத பாலமா?"

"இருக்குமுங்க. ஒண்ணுலயாச்சும் எறங்கி நின்னு பாத்திருக்கீங்களா?"

குடும்பத்தலைவர் யோசித்தார். எங்கேயும் இறங்கி நின்றதாக நினைவில்லை. அந்தக் கோபத்தில், "சரி, இங்க எந்தப் படம் எடுத்தாங்க? அதையாவது சொல்லு" என்றார்.

"எந்தப் படமும் எடுக்கலீங்க. ஒருக்கா எடுக்கறதுக்கு வந்தாங்க. நாத்தம் தாங்காம திரும்பிப் போயிட்டாங்க."

இதுதான் அவர் வியாபாரம். மற்ற ஜீப்காரர்கள் ஒரு பாறையைக் காட்டி, "இதும்மேலதான் அந்த ஹீரோயின் வழுக்கி உழுந்தாங்க" என்று சொல்லி, அந்தப் பாறையில் ஆளுக்கு ஆள் உட்கார்ந்து எழ வைப்பார்கள். இவர் ஒரு நல்ல பாலத்தைக் காட்டி, அதில் ஒன்றுமே நடக்கவில்லை என்று சத்தியம் செய்வார். வெல்லமும் கடுக்காயும் சேர்த்து அரைத்த சுண்ணாம்பில் கட்டியது என்று சொல்லிவிட்டு, "அப்பிடிங்கறாங்க. நான் பாக்கலீங்க" என்று முடிப்பார். கைப்பிடிச் சுவரின் மேல் வரிசையில் நூற்றுப் பதினான்கு கல். வருஷா வருஷம் பொங்கலன்று எண்ணுவார். கல் எங்கேயும் போகாது என்று நாங்கள் சொன்னால், "நானும் எங்கயும் போறதில்லீங்க, என்னையும் எங்கூட்டுல தெனம் தேடத்தான் செய்யறாங்க" என்பார்.

தேனிலவுக்கு வந்த ஒரு ஜோடி, பாலத்தோடு சேர்த்து ஒரு போட்டோ எடுத்துத் தரச் சொன்னார்கள். எடுத்தார். இரண்டு வளைவும் கச்சிதமாக விழுந்திருந்தன. மாப்பிள்ளையின் ஒரு காது மட்டும் ஓரத்தில் தெரிந்தது. அந்தப் பெண் அதை என் கடையில்தான் பிரிண்ட் போட வந்தாள். "அங்கிள் என்னையே விட்டுட்டாருங்க" என்று அழாத குறையாகச் சொன்னாள். போனிலேயே விமர்சனமாக ஒரே ஒரு நட்சத்திரம் போட்டு, 'இந்த டிரைவர் பாலத்தைத் தவிர எதையும் ரசிக்க விடமாட்டார்' என்று எழுதிவிட்டுப் போனாள். அதை நான் அவருக்கு வாசித்துக் காட்டினேன். திட்டுவார் என்று பார்த்தால், "பரவால்லீங்க அம்மிணி, அதுலயும் பாலத்துப் பேரு வந்திருக்குதுல்ல?" என்று சந்தோஷமாக டீ குடிக்கப் போய்விட்டார்.

எல்லாவற்றையும்விட ஊரைக் கிறுக்குப் பிடிக்க வைத்தது வேறொன்று. பாலத்துக்கு முன்னால் வண்டியை நிறுத்தி, எல்லோரையும் இறக்கிவிடுவார். அவர்கள் நடந்து கடக்க வேண்டும். இவர் காலி ஜீப்பை மெதுவாக ஓட்டிக்கொண்டுபோய் அந்தப் பக்கம் நிற்பார். மறுபடியும் ஏற்றிக்கொள்வார். பின்னால் குப்பை லாரியும், மினி பஸ்ஸும், வெலிங்டன் போகிற ராணுவ வண்டியும் ஹாரனில் கச்சேரி நடத்தும். இவர் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார்.

"ஏனுங்கண்ணா, நீங்கதான அது யானையே போனாலும் தாங்கும்னு சொல்றீங்க? அப்பறம் எதுக்கு ஆளை எறக்கறீங்க?" என்று நான் ஒருநாள் சண்டைக்கே போனேன்.

"தாங்குமுங்க. தாங்குதுன்னு யாருமேல வேணா ஏறி உக்காந்துக்கலாமுங்களா?"

ஒருமுறை பட்டப்பகலில் மூன்று காட்டெருமைகள் மார்க்கெட்டுக்குள் புகுந்துவிட்டன. ஊரே கடைக்குள் பதுங்கிக் கதவைச் சாத்தியது. அவை சாவகாசமாக ஒன்றன்பின் ஒன்றாகப் பாலத்தைக் கடந்தன. பக்கத்தில் டீக்கடை பெஞ்சுக்கு அடியில் ஒளிந்திருந்த பாலத்தண்ணன், அந்த நிலையிலும் தலையை நீட்டி எங்களிடம் சொன்னார்: "பாத்தீங்களா? ஒண்ணொண்ணாப் போவுது. இந்த அறிவு குப்பை லாரிக்காரனுக்கு வருமுங்களா?"

இப்படிச் சிரித்துக்கொண்டிருந்த காலத்தில்தான் அந்தக் காகிதம் வந்தது. எந்த ஆபீஸிலிருந்து என்று சொல்லமாட்டேன், எனக்கு அங்கே இன்னும் இரண்டு கையெழுத்து பாக்கி இருக்கிறது. சுற்றுலாக் கார்களை நிறுத்த இடமில்லாததால், பள்ளத்தின் மேல் கான்கிரீட் மூடி போட்டு, அதன்மேல் பார்க்கிங் அமைக்கப் போகிறார்கள். பழைய பாலம் குறுக்கே நிற்பதால் இடிக்கப்படும். காரணத்தையும் எழுதியிருந்தார்கள்: 'மேற்படி பாலத்துக்குச் சுற்றுலா முக்கியத்துவம் ஏதும் இல்லை.' அதாவது, பார்க்க வருகிறவர்கள் வண்டியை நிறுத்துவதற்காக, பார்க்க வேண்டியதை இடிப்பது. இதில் என்ன குறை என்று கேட்டால் என்னாலும் சொல்ல முடியாது, அவ்வளவு முழுமையான திட்டம்.

அதை ஜெராக்ஸ் எடுக்க என்னிடம் கொண்டுவந்தவர் ஸ்டாண்டுத் தலைவர். விசில் அவரிடம் இருப்பதால் அவர் தலைவர். படித்துக் காட்டினேன். பாலத்தண்ணன் என் கவுண்டரைப் பிடித்துக்கொண்டு நின்றார். வழக்கமாக ஒரு வார்த்தைக்கு ஒன்பது வார்த்தை பேசுகிற மனிதர், "இடிச்சா அந்தக் கல்லையெல்லாம் எங்க கொண்டுபோயிப் போடுவாங்க?" என்று மட்டும் கேட்டார்.

மே மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஓர் அதிகாரி நேரில் வந்து பார்ப்பார் என்று தெரிந்தது. கூட்டம் இருந்தால் பாலம் தப்பிக்கும். இல்லையென்றால் போயிற்று. டீக்கடையில் கூட்டம் போட்டோம்.

"ரொம்ப லேசுங்க. ஒரு கதை வேணும். கதை இருந்தா பாயிண்ட்டு. பாயிண்ட்டா இருந்தா கூட்டம்" என்றார் தலைவர். "ஒரு துரை, ஒரு எஸ்டேட் பொண்ணு. பாலம் கட்ட வந்தவன் அவமேல ஆசைப்பட்டுட்டான். ஒரு வளைவு அவனுக்கு, இன்னொரு வளைவு அவளுக்கு. கையைக் கோத்துட்டு இந்தப் பாலத்தைத் தாண்டுனவங்க பிரியவே மாட்டாங்க. முடிஞ்சுதுங்களா?"

நான் வாயைப் பிளந்தேன். இந்த ஆள் விசிலை விட்டுவிட்டு சினிமாவுக்குப் போயிருக்கலாம்.

பாலத்தண்ணன் தலையை ஆட்டினார். "அப்பிடி ஒண்ணும் நடக்கலீங்களே."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணத்தைப் பண்ணுனு சொல்லியிருக்காங்க. ஒரே ஒரு பொய் சொல்லி ஒரு பாலத்தைக் காப்பாத்தக்கூடாதுங்களா? நாளைக்கு அது இல்லாமப் போச்சுன்னா உங்க உண்மையை எதும்மேல நின்னு சொல்லுவீங்க?"

"கல்யாணம் பண்ணிக்கறவங்க பின்னால சண்டை போட்டாவது உண்மையைத் தெரிஞ்சுக்குவாங்க அம்மிணி. பாலம் பாவம், அது யாருகிட்டப் போயிக் கேக்கும்?" என்றார். பிறகு எழுந்துகொண்டே, "நீங்க எழுதறதை எழுதிக்கோங்க. நான் குறுக்க வரலை. ஆனா என்கிட்ட நேராக் கேட்டாங்கன்னா உள்ளதைச் சொல்லிப்போடுவேன். அதை மட்டும் இப்பவே சொல்லிட்டனுங்க" என்று வண்டிக்குப் போய்விட்டார்.

நான் எழுதினேன். மறைக்க என்ன இருக்கிறது, நன்றாகவே எழுதினேன். துரைக்கு நீலக் கண் வைத்தேன். அந்தப் பெண் தேயிலைக் கூடையில் மறைத்து அவனுக்குச் சோறு கொண்டுவருவதாக ஒரு வரி சேர்த்தேன், எனக்கே கண் கலங்கியது. பெரிதாகப் பிரிண்ட் போட்டுப் பாலத்தின் முனையில் போர்டாகக் கட்டினோம். ஒன்பது பாயிண்ட் அட்டையில் பத்தாவதாக அதையும் சேர்த்தேன். பத்தே நாளில் பாலத்தில் கால் வைக்க இடமில்லை. ஜோடி ஜோடியாகக் கையைக் கோத்துக்கொண்டு வந்தார்கள். நாற்பது வருஷம் சண்டை போட்டு வாழ்ந்த தம்பதிகளும் எதற்கும் இருக்கட்டும் என்று கையைப் பிடித்துக்கொண்டார்கள். கேரட் விற்கிறவர் சிவப்புக் கயிறும் விற்க ஆரம்பித்தார். எதற்கு என்று அவருக்கும் தெரியாது, வாங்கியவர்களுக்கும் தெரியாது. போர்டுக் கம்பத்தில் ஒருவர் கட்டினார், எல்லோரும் கட்டினார்கள்.

அதிகாரி வருகிற ஞாயிற்றுக்கிழமைக்குத் தலைவர் ஒரு ராஜதந்திரம் செய்தார். பாலத்தண்ணனுக்கு அன்று அவலாஞ்சிக்கு ஒரு சவாரி பிடித்துக் கொடுத்தார். ஊட்டியைத் தாண்டிப் போய் வரவே ஒரு பகல் ஆகிவிடும். போனும் அங்கே எடுக்காது. அதிகாரி பத்து மணிக்கு வருவார், பத்தரைக்குப் போய்விடுவார். ஒரு பயமும் இல்லை.

அதிகாரி வந்தார். கூட்டத்தைப் பார்த்தார். கயிறுகளைப் பார்த்தார். என் கதையை மூக்குக்கண்ணாடியை ஏற்றிவைத்துக்கொண்டு இரண்டு முறை படித்தார். "நல்லா இருக்கே" என்றார். தலைவர் என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். அந்த நேரத்தில் எங்கள் பின்னால் ஒரு ஜீப் வந்து நின்றது. கதவு திறந்தது.

"எறங்குங்க, எறங்குங்க. அவலாஞ்சி எங்கயும் போயராது. மொதல்ல பாலத்தைப் பாத்துட்டுப் போலாமுங்க."

அடக் கடவுளே! சவாரிக்காரர்கள் தூங்கி எழுந்து கிளம்பவே பத்தாகிவிட்டதாம். அவர் எங்கே சவாரி போனாலும் முதலில் பாலத்துக்குத்தான் வருவார். சின்னக் குழந்தைக்கும் தெரிந்த விஷயம். இத்தனை பேர் உட்கார்ந்து இத்தனை திட்டம் போட்டோமே, ஒருவருக்காவது அது தோன்றியதா? தலைவர் விசிலை வாயில் வைத்தார், ஊதுவதற்கு மூச்சு வரவில்லை.

அதிகாரி திரும்பினார். எதிரே பாலத்தண்ணன்: நரைத்த மீசை, காக்கிச் சட்டை. விசாரிக்க இதைவிடப் பொருத்தமான ஆள் கிடைப்பாரா?

"நீங்க இந்த ஊருங்களா? எத்தனை வருஷமா வண்டி ஓட்டறீங்க?"

"முப்பது வருசமுங்க."

"அப்ப உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். இந்தக் கதை உண்மைதானா?"

நான் கண்ணை மூடிக்கொண்டேன். பிறகு பயத்தில் திறந்துவிட்டேன். அவர் என் போர்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கைப்பிடிச் சுவரின் மேல் கையை வைத்தார். அந்தக் குளிரில் அவர் நெற்றியெல்லாம் வியர்த்திருந்தது. கீழே பள்ளம் ஓடுகிற சத்தம் எனக்கு அன்றுதான் முதல்முறையாகக் கேட்டது.

"ஆமாங்க" என்றார்.

"என்ன?"

"ஆமாங்க சார். உண்மைதானுங்க."

அவ்வளவுதான். அதிகாரி குறித்துக்கொண்டார். பாலத்தண்ணன் தன் சவாரிக்காரர்களை மறுபடியும் ஜீப்பில் ஏறச் சொன்னார். ஏற்றிக்கொண்டு, ஆளோடும் மூட்டையோடும், யாரையும் இறக்காமல் பாலத்தைக் கடந்து போனார். முப்பது வருஷத்தில் முதல் தடவை. எங்களில் யாருக்கும் கைதட்டத் தோன்றவில்லை.

பாலம் தப்பித்தது. பார்க்கிங் வேறு இடத்துக்குப் போயிற்று. அங்கே யார் தலையில் விடிந்ததோ தெரியாது. ஸ்டாண்டில் ஜிலேபி கொடுத்தார்கள். அவர் பங்கை நான் எடுத்துவைத்தேன். நான்கு நாள் அவர் வரவில்லை. ஐந்தாம் நாள் கடைக்கு வந்து, நோட்டிலிருந்து கிழித்த ஒரு தாளை நீட்டினார். பால்பாயிண்ட் பேனாவில் கொட்டை கொட்டையாக எழுதியிருந்தது.

'இந்தப் பாலத்தில் துரை கதை எதுவும் நடக்கவில்லை. நடந்ததாக அதிகாரியிடம் சொன்னவன் நான். மன்னிக்கவும்.'

"இதை லேமினேசன் போட்டுக் கொடுங்க அம்மிணி. மழையில நனையக்கூடாது."

"உங்களுக்கென்ன பைத்தியமாங்கண்ணா? இப்பத்தான் தப்பிச்சிருக்குது! அப்பிடி என்னதான் இருக்குது அந்தப் பாலத்துல உங்களுக்கு?" என்று கத்தினேன். இத்தனை வருஷத்தில் அவரிடம் அதை நான் கேட்டது அன்றுதான்.

ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தார். "கல்யாணமான புதுசுல எங்க ஊடு பள்ளத்தோரமா இருந்துச்சுங்க. ஐப்பசி மழை. கொளந்தைக்கு மூணு மாசம். விடியறப்ப தண்ணி உள்ள வந்துருச்சு. மேல போற ரோட்டுல மண்ணு சரிஞ்சு கெடக்குது. போறதுக்கு எடமில்லை. அந்த வரிசையில இருந்த அத்தனை பேரும் பாலத்துமேல ஏறிட்டோம். ஆளு, ஆடு, கட்டிலு, கேஸ் சிலிண்டரு. தண்ணி வளைவை முட்டிட்டு நிக்குது. மரமெல்லாம் வந்து மோதுது. மத்தியானம் வரைக்கும் நின்னோமுங்க, கொளந்தையைப் பனியன்ல சுத்தி வெச்சுக்கிட்டு. அன்னிக்கு அது எங்களை எத்தனை பேருன்னு கேக்கலீங்க அம்மிணி. எவ்வளவு கனம்னு கேக்கலை. அதுக்குத்தான் நான் ஆளை எறக்கிப்போட்டு ஓட்டறனுங்க."

எனக்கு அழுகை வந்தால் கோபமாகத்தான் வரும்.

"ஏனுங்கண்ணா! இதை அந்த அதிகாரிகிட்டச் சொல்லியிருந்தாப் போதுமே! நீலக்கண்ணும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாமே! ஏன் சொல்லலை?"

"இது எங்கூட்டுச் சமாச்சாரமுங்க. அதுமில்லாம" என்று எழுந்தார், "நீங்க யாரும் கேக்கலீங்களே."

லேமினேஷன் போட்டேன். அன்றைக்கு அந்த மிஷின் கண்ணுக்குச் சரியாகத் தெரியவில்லை.

அதற்குள் ஆபீஸ்காரர்கள் முந்திக்கொண்டார்கள். என் கதையைக் கருங்கல்லில் வெட்டிப் பாலத்தில் பதித்துவிட்டார்கள். என் எழுத்து கல்வெட்டாகும் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை. கடைசி வரி மட்டும் அவர்கள் சொந்தமாகச் சேர்த்தது: 'இவ்வரலாறு உள்ளூர் முதியவர் ஒருவரால் உறுதிசெய்யப்பட்டது.' அவர் அதன் முன்னால் நின்று வெகு நேரம் படித்தார். "முதியவர்ங்கறதும் பொய்யுங்க. எனக்கு இன்னும் அறுபது ஆகலை" என்றார்.

அன்றிலிருந்து சவாரி இல்லாத நேரமெல்லாம் கல்வெட்டுக்குப் பக்கத்தில் அந்தத் தாளைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நிற்பார். கல்வெட்டைப் படிக்கிற ஒவ்வொருவரிடமும், "அது பொய்யுங்க. நான் சொன்னதுதானுங்க. வாங்க, கல்லைக் காட்டறேன்" என்பார். ஆபீஸிலிருந்து ஒருவர் வந்து, அரசு அங்கீகரித்த வரலாற்றைப் பற்றி வதந்தி பரப்பக்கூடாது என்று அவரை எச்சரித்துவிட்டுப் போனார். எங்கள் ஸ்டாண்டுக்காரர்களோ, பாவிகள், அதையும் பாயிண்ட் ஆக்கிவிட்டார்கள். "அதா நிக்கறாரு பாருங்க, அந்தப் பொண்ணோட கொள்ளுப்பேரன். குடும்ப ரகசியம் வெளிய வரக்கூடாதுன்னு பொய்யின்னு சொல்லிட்டு நிக்கறாரு." ஜனங்கள் உருகிப்போய் அவரோடு நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். உண்மையைச் சொல்லச் சொல்ல அவர் பொய் வளர்ந்துகொண்டே போயிற்று. பாலத்தைவிட அவரைப் பார்க்கத்தான் கூட்டம் வந்தது. ஆனாலும் மனிதர் அசரவில்லை. நூறு பேரில் ஒருவராவது போட்டோ எடுத்து முடித்ததும் குனிந்து கல்லைத் தொட்டுப் பார்ப்பார். அன்றைக்குப் பாலத்தண்ணன் இரண்டு டீ குடிப்பார்.

போன மார்கழிக் குளிரில் அவருக்கு நெஞ்சுச்சளி கட்டிக்கொண்டது. மலை ஆகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மகள் திருப்பூரிலிருந்து வந்து கூட்டிப்போனாள். பனியனில் சுற்றி வைத்திருந்த அதே குழந்தைதான். இப்போது பனியன் கம்பெனியில்தான் வேலை பார்க்கிறாள். கிளம்புகிற அன்று ஜீப்பைப் பாலத்துக்கு முன்னால் நிறுத்தி, மகளை இறக்கிவிட்டு, தானும் இறங்கி நடந்து கடந்தார். வண்டியைத் தலைவர் ஓட்டிக்கொண்டு போனார். யாரும் ஹாரன் அடிக்கவில்லை, குப்பை லாரிக்காரன்கூட. கழுத்திலிருந்த தாளை என்னிடம் கொடுத்துவிட்டு, "பொங்கலுக்குக் கல்லை மட்டும் எண்ணிப்போடுங்க அம்மிணி" என்றார்.

எண்ணினேன். நூற்றுப் பதினான்கு. போனில் சொன்னேன். மறுபடியும் எண்ணச் சொன்னார்.

இப்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கடையைச் சாத்திவிட்டு நான்தான் அங்கே போய் நிற்கிறேன். அந்தத் தாளில் அவர் எழுதியதற்குக் கீழே, 'கதையை எழுதியவள் நான்' என்று ஒரு வரி சேர்த்துப் புதிதாக லேமினேஷன் போட்டிருக்கிறேன். வருகிறவர்களிடம் கதை பொய் என்று சொல்கிறேன். சிரிக்கிறார்கள். மழையில் ஊர் ஏறி நின்றதைச் சொல்கிறேன். சிலர் சிரிப்பை நிறுத்திவிட்டு ஆற்றைப் பார்க்கிறார்கள். ஆமாம், ஆறு என்றுதான் நானும் இப்போது சொல்கிறேன்.

போன வாரம் மதுரையிலிருந்து வந்த ஓர் அம்மா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அவரு உனக்கு யாரும்மா, கூடப் பொறந்த அண்ணனா?" என்று கேட்டார்.

"ஆமாங்க" என்றேன்.

பொய்தான். அதை மட்டும் திருத்தி லேமினேஷன் போடுகிற உத்தேசம் எனக்கு இல்லை.